உப்பளத்துக்கு நிழற்படமா, வீடியோவா?

முள்ளக்காட்டுப் பக்கம் ஒரு உப்பளத்தைப் பிப்ரவரியிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறேன். தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள், இரண்டு பாத்திக்கு நடுவே கால் வைக்கும் அகலத்துக்கு ஒரு வரப்பு, ஓரத்தில் வெள்ளைக் குவியல்கள், தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அக்டோபரில் மழை இறங்கிவிட்டால் வேலை நின்றுவிடும், பாத்தியெல்லாம் வெறும் தண்ணீர். அதற்குள் ஒரு படைப்பை முடித்தாக வேண்டும். கையில் இருப்பது ஒரே கேமரா, இரண்டு லென்ஸ், ஒரு முக்காலி. குழப்பமெல்லாம் அந்தக் கேமராவின் மேல் இருக்கும் சின்னச் சுவிட்சில்தான். இந்தப் பக்கம் தள்ளினால் நிழற்படம், அந்தப் பக்கம் தள்ளினால் வீடியோ.

2008 வரை இப்படிக் குழம்புவதற்கே தனியாகக் காசு வேண்டியிருந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் நிக்கான் டி90 வந்தது, அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2. லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமராவில், படம் எடுக்கும் அதே லென்ஸ், அதே சென்சார், வீடியோவும் எடுக்கும் என்று ஆனது அப்போதுதான். அதற்கு முன் நிழற்படக்காரர் ஒரு கடை, வீடியோக்காரர் வேறு கடை. இப்போது ஒரே ஆள் ஒரே காலையில் இரண்டையும் எடுத்துவிடலாம். எடுத்துவிட்டு, எது படைப்பு, எது சும்மா எடுத்து வைத்தது என்று தெரியாமல் ஹார்டு டிஸ்க்கை நிரப்பலாம். நான் அதைத்தான் இரண்டு மாதம் செய்தேன்.

அப்புறம் ஒரே இடத்தை, ஒரே வேலையை, வேறு வேறு வழிகளில் ஒழுங்காக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். இதே கேள்வியில் சிக்கிய பெரிய ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதையும் கூடவே பார்த்தேன். நான் ஒப்பிட்டது கேமராக்களை அல்ல. எந்தக் கேமரா வாங்கலாம் என்று தேடி வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

ஒற்றைப் படம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உப்பளத்தில் ஒற்றைப் படம் எடுப்பது கஷ்டமில்லை, அழகாகத்தான் வரும். பிரச்சினையே அந்த அழகுதான். விடியற்காலை, ஊதா வானம், பாத்தித் தண்ணீரில் அதன் நிழல், தலையில் சுமையோடு ஒரு பெண். இந்தப் படத்தை நீங்கள் நூறு முறை பார்த்திருப்பீர்கள். நானும் நூற்றியொன்றாவதாக எடுத்தேன், போட்டிக்கு அனுப்பலாம் போல இருந்தது. ஆனால் அதில் உப்பளம் இல்லை. ஒரு நல்ல விடியல் இருந்தது, அவ்வளவுதான்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும். கேமராவின் ஒளிமானி எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக் கணக்குப் போடும். உப்பு வெள்ளையென்று அதற்குத் தெரியாது. தானியங்கி முறையில் விட்டால் குவியல்கள் சிமெண்ட் போல வரும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்) கூட்டி வைக்க வேண்டும், ஆனால் வெளிச்சம் நேரடியாகப் படும் சரிவில் படிகங்களின் விவரம் எரிந்துபோகாத அளவுக்கு. ரா (RAW) கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பாக எடுப்பது நல்லது. 24 மெகாபிக்சல் கோப்பில் நீளவாக்கில் 6000 புள்ளிகள், ஒரு அங்குலத்துக்கு 300 என்று அச்சடித்தால் 20 அங்குலம். ஒரு வீட்டுச் சுவருக்கு அது போதும். கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் உப்பளத்துக்குப் போதாது.

அழிப்பதா, சேர்ப்பதா

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. டிஜிட்டல் படம் என்றால் கணினியில் திருத்தியே ஆக வேண்டும். எவ்வளவு, எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி.

ஒரு திசையில் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி நிற்கிறார். டூசல்டார்ஃப் கலைக்கல்லூரியில் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதியிடம் படித்தவர். அந்தத் தம்பதி தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் ஒரே கோணத்தில், ஒரே மங்கிய வெளிச்சத்தில், கருப்பு வெள்ளையில் வரிசை வரிசையாக எடுத்தவர்கள். மாணவர் வண்ணத்துக்கும் பெரிய அளவுக்கும் கணினிக்கும் போனார். 1999இல் அவர் செய்த ரைன் நதிப் படத்தில் குறுக்குக் கோடுகளைத் தவிர எதுவுமே இல்லை. புல், பாதை, புல், நதி, புல், வானம். அகலம் மூன்றரை மீட்டருக்கும் மேல். 2011 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் அதன் ஒரு பிரதி 43 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. 2022இல் அமெரிக்கக் கலைஞர் மான் ரேயின் பழைய படம் ஒன்று முந்தும்வரை, ஏலத்தில் அதிக விலை போன நிழற்படம் என்ற பெயர் அதற்கு இருந்தது.

விலை கிடக்கட்டும். அந்த நதியின் எதிர்க்கரையில் உண்மையில் தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது, பாதையில் நாயோடு நடக்கிறவர்கள் இருந்தார்கள். குர்ஸ்கி அத்தனையையும் கணினியில் அழித்துவிட்டார். இன்றைய நதியை அப்படியே எடுத்தால் தான் மனதில் கண்ட நதி அதில் வராது என்பது அவர் கட்சி.

இதைப் படித்ததும் எனக்குக் கை அரித்தது. என் படத்திலும் தூரத்தில் புகைபோக்கிகள்! மவுஸை நாலு இழுப்பு இழுத்தால் காணாமல் போகும். அழித்துப் பார்த்தேன். வெள்ளை, நீலம், வெள்ளை, நீலம் என்று கோடுகள் மட்டும் நின்றன. பார்க்கக் குளிர்ச்சியாக இருந்தது. இரண்டு நாள் திரையில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அது எந்த ஊர் என்றே தெரியவில்லை. குஜராத்தாக இருக்கலாம், பொலிவியாவாக இருக்கலாம். ரைன் நதியை ஜெர்மானியர்கள் பாட்டிலும் ஓவியத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துச் சலித்தவர்கள். அவர்களிடம் அதை உரித்துக் காட்டினால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. தூத்துக்குடி உப்பளத்தை யார் அந்த மாதிரிப் பார்த்துச் சலித்திருக்கிறார்கள்? முதலில் முழுசாகக் காட்டாத ஒன்றை உரித்துக் காட்டுவதில் என்ன இருக்கிறது? புகைபோக்கிகளைத் திரும்ப வைத்துவிட்டேன்.

இன்னொரு திசை, சேர்ப்பது. கனடாவின் ஜெஃப் வால் 1993இல் ஒரு பெரிய படம் செய்தார். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் மர அச்சுப்படம் ஒன்றைப் பின்பற்றியது. திடீர்க் காற்றில் காகிதங்கள் பறக்க, நாலு பேர் வளைந்து நிற்கிறார்கள். பார்த்தால் ஒரு நொடியில் கிளிக் செய்த மாதிரி இருக்கும். உண்மையில் அது நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைக் கணினியில் கோத்தது, முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒட்டுப்போட்ட இடம் எங்கேயும் தெரியாது. தெரியக்கூடாது என்பதே அங்கே வித்தை.

பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி அதற்கு நேர் எதிர். ஒட்டுப்போட்டதை மறைக்கவே மாட்டார். நிழற்படம் என்பது ஒற்றைக் கண்ணன் அசையாமல் ஒரு நொடி பார்ப்பது போல என்று கேலி செய்தவர் அவர். மனுசன் அப்படியா பார்க்கிறான்? கண் அலைகிறது, கழுத்து திரும்புகிறது, கால் நாலடி எடுத்து வைக்கிறது. அதனால் 1986 ஏப்ரலில் கலிபோர்னியாப் பாலைவனத்தில் ஒரு நாற்சந்திக்குப் போய், ஒரு வாரத்துக்கு மேல் தங்கி, எழுநூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். தூரத்தில் நின்று எடுத்தவை அல்ல அவை. நிறுத்தப் பலகையை எடுக்க ஏணி போட்டு ஏறி அதன் முகத்துக்கு நேராக நின்றார். தரையில் கிடந்த டப்பாவுக்குக் குனிந்தார். அதனால் படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனிப் பார்வை உண்டு. அது ஃபிலிம், கையால் ஒட்டியது. ஆனால் இன்று போட்டோஷாப்பில் அடுக்கு அடுக்காக வேலை செய்கிற எல்லாருக்கும் அது ஒரு பாடம். பிற்காலத்தில் அவரே கணினியில் அதே வேலையைச் செய்தார்.

எனக்கு இரண்டையும் முயல வேண்டும் போலிருந்தது. ஹாக்னி வழியில் பாத்திகளுக்குள் இறங்கி முந்நூறு படம் எடுத்து ஒட்டினேன். சுமாராக வந்தது என்று சொன்னாலே பொய். ஹாக்னியின் நாற்சந்தியில் பலகை, டப்பா, மரம், ரோடு என்று நூறு தனிப்பொருள்கள். உப்பளத்தில் ஒரே பொருள் ஆயிரம் தடவை வருகிறது. எந்தச் சதுரத்தை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். கட்டம்போட்ட போர்வை மாதிரி ஆகிவிட்டது.

வால் வழியில் ஒன்று ஓரளவு தேறியது. முக்காலி ஒரே இடத்தில். கேமரா சுழலும் அச்சை லென்ஸின் நுழைவுத் துளையோடு (லென்ஸை முன்னாலிருந்து பார்த்தால் தெரிகிற துளை) பொருத்துகிற முக்காலித் தலைப்பகுதி ஒன்றை இரவல் வாங்கினேன். அது இல்லாவிட்டால் அருகிலிருக்கும் வரப்பு ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் ஒட்டாமல் உடையும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படும்படி, 12 படம் மேல் வரிசை, 12 படம் கீழ் வரிசை. வெளிச்ச அளவு, வெண்மைச் சமநிலை, குவியம் எல்லாம் கையால் பூட்டியது. தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நிறத்தில் நிற்கும். ஒட்டி முடித்தபோது அகலம் சுமார் 34,000 புள்ளிகள். 300க்கு அச்சடித்தாலும் ஒன்பது அடிக்கு மேல் போகும்.

இதில் எனக்குப் பட்ட அடி கானல். ஒன்பது மணிக்கு மேல் தரையிலிருந்து சூடு எழும்பி, தூரத்துக் குவியல்கள் தண்ணீருக்கடியில் இருப்பது போல ஆடுகின்றன. எத்தனை மெகாபிக்சல் இருந்தும் புண்ணியமில்லை. ஆறிலிருந்து ஏழரைக்குள் 24 படமும் முடிந்தாக வேண்டும். வேலையும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது என்பதால் அது ஒருவகையில் வசதி. வெயிலுக்கு முன் முடிக்க மூன்று, நான்கு மணிக்கே அங்கே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். நான் போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும். முதல் வாரம் எனக்கு அது வெட்கமாகவே இருந்தது.

வேகத்தைக் குறைத்தால்

வீடியோ பக்கம் வருவோம். கலைக்கூடத்தில் வீடியோ என்றதும் பலருக்கு மனதில் வருவது அமெரிக்கக் கலைஞர் பில் வயோலா. 2024 ஜூலையில் காலமானார். 1995 வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் அமெரிக்கக் கூடத்தில் காட்டிய ஒரு வேலையில், இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்க மூன்றாவது பெண் வந்து ஒருத்தியைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொல்கிறாள். விஷயம் அவ்வளவுதான். நடந்தது 45 நொடி. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் நொடிக்கு 300 சட்டகம் (ஃப்ரேம்) என்ற வேகத்தில் எடுத்து, பத்து நிமிடமாக ஓடவிட்டார். பொன்டோர்மோ என்ற 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் வரைந்த, மரியாளும் எலிசபெத்தும் சந்திக்கும் ஓவியம் அதற்கு மூலம். ஓவியம் அசைந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது. சேலைத் தலைப்பு போல ஒரு துணி காற்றில் எழும்பித் தணிய அரை நிமிடம். மூன்றாவது ஆள் வந்ததும் ஓரமாக விடப்பட்டவளின் முகத்தில் ஒரு சின்னப் பொறாமை வந்து போவது, சாதாரண வேகத்தில் நம் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

இப்போது நடுத்தர விலைக் கேமராவிலேயே நொடிக்கு 100, 120 சட்டகம் வருகிறது. எடுத்து 25இல் ஓட்டினால் நாலைந்து மடங்கு மெதுவாகும். நானும் எடுத்தேன். உப்பு வாருகிற பலகை தண்ணீரைக் கிழிப்பது, படிகம் உருளுவது, நெற்றியில் வியர்வை இறங்குவது. மயக்கும் அழகு. எடுத்த கையோடு, வாரிக்கொண்டிருந்த அக்காவிடமே கேமராத் திரையில் காட்டினேன். தலையில் கூடையோடு வரப்பில் வருகிற காட்சி. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன தம்பி, சீக்குக்காரி மாதிரில்லா நடக்கேன்!"

சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது சரி. தலைச்சுமையோடு வரப்பில் நடக்கிறவர் மெதுவாக நடப்பதில்லை. ஓட்டமும் நடையுமாகத்தான் போவார், ஏனென்றால் நின்றால் கழுத்து வலிக்கும். அந்த வேகத்தில்தான் பாரம் தெரிகிறது. மெதுவாக்கினால் பாரம் போய் நளினம் வந்துவிடுகிறது. வயோலாவின் பெண்கள் நடிகர்கள், காட்சிக்கென்று ஒத்திகை பார்த்தவர்கள். அங்கே மெதுவாக்குவது முகத்தைத் திறந்து காட்டுகிறது. இங்கே அதே உத்தி உழைப்பைப் பூசி மறைக்கிறது. உணர்ச்சியை எடுக்கிறவர்களுக்கு வேகம் குறைப்பது உதவும், வேலையை எடுக்கிறவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. கல்யாண வீடியோக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வேகம் கூட்டுகிற வழியும் இருக்கிறது. பத்து நொடிக்கு ஒரு படம் எடுத்து, நாள் முழுவதையும் சில நிமிடத்தில் ஓட்டுவது. பிரிட்டனின் சாம் டெய்லர் ஜான்சன் 2001இல் ஒரு தட்டுப் பழத்தை இப்படி எடுத்தார். பழம் அழுகி, பூஞ்சை பூத்து, உட்கார்ந்து போகும். பக்கத்தில் கிடக்கிற பிளாஸ்டிக் பேனாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. பழத்துக்கு அது பொருத்தம். உப்பளத்தில் எடுத்தபோது பாத்தியில் உப்பு பூப்பது அருமையாக வந்தது, ஆனால் மனிதர்கள் எறும்பு ஆகிவிட்டார்கள். ஆள் இல்லாத பாத்தியை மட்டும் எடுப்பதென்றால் இதை யோசிக்கலாம்.

வேகத்தைத் தொடாமல் விட்டால்

முக்காலியில் கேமராவை நிறுத்தி, அசைக்காமல், வெட்டாமல் ஓட விடுவது. அமெரிக்க ஓவியர் ஆண்டி வாரோல் 1964இல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை ஃபிலிமில் இப்படி அசைக்காமல் எடுத்து, எடுத்ததைவிடச் சற்று மெதுவாகத் திரையிட்டபோது எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. யாரும் முழுசாகப் பார்க்க வேண்டும் என்று அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். என் காட்சி 11 நிமிடம். ஒரு பாத்தியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இரண்டு பேர் உப்பை வாரி வரப்பேற்றுகிறார்கள். அவ்வளவுதான்.

இதில் எடுபட்டது, நான் எதிர்பார்க்காத ஒன்று: சத்தம். பலகை தரையைச் சுரண்டும்போது ஒரு கரகரப்பு. உப்பு ஈரமாக இருந்தால் ஒரு மாதிரி, முற்றியிருந்தால் வேறு மாதிரி. பின்னால் நிலத்தடி உப்புத் தண்ணீரை இறைக்கிற மோட்டார், அது நின்றால் திடீரென்று காற்று. இரண்டு பேரும் பேசிக்கொள்வது பாதி கேட்கும். வீட்டில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன், சத்தத்தை வைத்தே வேலை எங்கே நிற்கிறது என்று தெரிந்தது. அதுதான் எனக்கு அளவுகோலாக ஆனது. ஒரு காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது நிழற்படமாக இருந்திருக்க வேண்டியது, வீடியோவாக எடுத்தது வீண். படத்தை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்டும் பாதி விஷயம் புரிகிறதென்றால், அதை நிழற்படமாக எடுப்பது கையைக் கட்டிக்கொண்டு நீந்துவது.

தொழில்நுட்பத்தில் இதற்கு ஒரு தொல்லை உண்டு, வெளிச்சம். நொடிக்கு 25 சட்டகம் என்றால் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு நொடியில் வைப்பது வழக்கம், அப்போதுதான் அசைவு இயல்பாக இருக்கும். உச்சி வெயிலில் வெள்ளை உப்பு முன்னால், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணரும் அளவு) 100, துளை எஃப் 5.6 என்றால் கேமரா கேட்பது சுமார் 1600இல் ஒரு பங்கு. நடுவே 32 மடங்கு வித்தியாசம். வெளிச்சத்தை ஐந்து ஸ்டாப் குறைக்கிற சாம்பல் கண்ணாடி லென்ஸ் முன்னால் வேண்டும். அது இல்லாமல் ஷட்டரைக் கூட்டி எடுத்தால் கையும் பலகையும் வெட்டி வெட்டி நகரும். லாக் (log) முறையில், அதாவது பின்னால் நிறத்தைத் திருத்த வசதியாக மங்கலாகப் பதிகிற முறையில், எடுக்க ஆசைப்பட்டேன். பல கேமராக்களில் அது ஐஎஸ்ஓ 800 அளவில்தான் தொடங்கும். இன்னும் மூன்று ஸ்டாப் குறைக்க வேண்டும். விட்டுவிட்டேன், காலை வெளிச்சத்தோடு போதும் என்று.

இன்னொரு கணக்கு, இடம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று பிரதி வைக்க வேண்டும், ஒன்று வேறு ஊரில். நான்கு மாத வீடியோ இரண்டு பெரிய டிஸ்க்கை விழுங்கிவிட்டது. அதே நான்கு மாத ரா படங்கள் ஒரு மூலையில் அடங்குகின்றன. வீடியோவிலிருந்து ஒரு சட்டகத்தைப் பிடித்துப் படமாக அச்சடித்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: 4கே சட்டகம் என்பது 80 லட்சம் புள்ளிதான், நல்ல அச்சில் 13 அங்குலத்தைத் தாண்டாது. ஷட்டரும் மெதுவாக இருந்ததால் கை மங்கியிருக்கும். ஒரே ஷாட்டில் இரண்டு வேலை நடக்காது.

ஆசைப்பட்டு விட்ட வழியும் ஒன்று உண்டு, பல திரைகள். மறுபடியும் ஹாக்னிதான். 2010, 2011இல் கிழக்கு யார்க்ஷயரின் ஒரு காட்டுப் பாதையில் வண்டியின் முன்னால் ஒன்பது கேமராக்களைக் கட்டி மெதுவாக ஓட்டினார், நான்கு பருவத்துக்கும். ஒவ்வொரு கேமராவும் கொஞ்சம் வேறு கோணம், வேறு வெளிச்ச அளவு. பருவத்துக்கு ஒன்பது, மொத்தம் 36 திரைகள். அசையும் படத்திலும் அந்த ஒற்றைக் கண்ணனை ஒழித்துவிட்டார். பாத்தி கட்டி, உப்பு முற்றி, வாரி, மழையில் கரைவது வரை நான்கு சுவர்களில் ஓட்டினால்? நினைத்தாலே சிலிர்க்கிறது. ஒன்பது கேமராவுக்குப் பணம் எங்கே இருக்கிறது என்று நினைத்தால் சிலிர்ப்பு அடங்கிவிடுகிறது.

காட்டும் இடம்

எடுக்கும்போது யாரும் யோசிக்காத விஷயம் இது. போன வருடம் ஒரு கூட்டுக் கண்காட்சியில் என் பழைய வீடியோ ஒன்று இருந்தது. இருட்டறை தருவதாகச் சொன்னார்கள். தந்தது ஜன்னலோரம் ஒரு சுவர், கல்லூரி வகுப்பறைக்குப் போதுமான ஒரு ப்ரொஜெக்டர். பகலில் என் படைப்பு ஒரு வெளிர் சாம்பல் அழுக்காகத் தெரிந்தது. இருட்டத் தொடங்கியபோது கதவைச் சாத்திவிட்டார்கள். அதைவிட மோசம், இன்னொரு அறையில் ஒரு நண்பர் வைத்த தொலைக்காட்சி. நாலு மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால் தானே அணைந்துவிடுகிற அமைப்பு அதில் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. தினமும் மதியத்துக்கு மேல் வந்தவர்கள் ஒரு கருப்புச் சதுரத்தைப் பார்த்துவிட்டு, அதுதான் கலை போல என்று போனார்கள்.

அச்சுப் படத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. நிறமி மையில் பருத்திக் காகிதத்தில் அடித்து, ஈரம் புகாமல் சட்டமிட்டால் மின்சாரம் போனாலும் அது அங்கே இருக்கும். விற்பதிலும் அச்சு எளிது. வீடியோவையும் ஐந்து, ஆறு பிரதி என்று எண்ணிக்கை போட்டு, சான்றிதழோடு, கோப்பாக விற்கிறார்கள்தான். ஆனால் வாங்குகிறவர் வாங்குவது ஒரு கோப்போடு சேர்ந்த ஒரு பொறுப்பு. பத்து வருடத்தில் அந்தக் கோப்பைத் திறக்க மென்பொருள் இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். வீடியோ கலையின் பிதாமகர் என்று சொல்லப்படும் நாம் ஜூன் பைக்கின் படைப்புகள் பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகளால் ஆனவை. அந்தக் குழாய்களை இப்போது யாரும் பெரிதாகத் தயாரிப்பதில்லை. அவற்றை வைத்திருக்கும் அருங்காட்சியகங்களுக்கு அது தீராத தலைவலி.

அச்சும் வீடியோவும் பொருளும் சேர்ந்தே இருக்கலாமே என்பவர்களுக்கு இந்தியத் திரைப்படக் கலைஞர் அமர் கன்வர் ஒரு முன்னுதாரணம். ஒடிசாவில் நிலம் பறிபோவதைப் பற்றிய அவருடைய வேலை 2012இல் ஜெர்மனியின் டாகுமெண்டா கலைக் கண்காட்சியில் இருந்தது. அதில் திரையில் ஓடும் படம் இருக்கிறது, கையால் செய்த தாளில் புத்தகங்கள் இருக்கின்றன, அந்தப் பக்கங்கள்மேல் விழும் வீடியோ இருக்கிறது, சுவர் நிறைய நெல் விதைகள் இருக்கின்றன. உடனே எனக்கும் அறையில் ஒரு குவியல் உப்பு கொட்டலாமா என்று தோன்றியது. நல்லவேளை, ஒரு ராத்திரி தூங்கி எழுந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. கடற்கரை ஊரில் உப்புக் குவியலைப் பார்க்க யார் டிக்கெட் எடுப்பார்கள்?

இத்தனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. படம், வீடியோ இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அசைவு அல்ல. நேரம் யார் கையில் என்பதுதான். அச்சுப் படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது, எங்கே முதலில் பார்ப்பது, எங்கே திரும்ப வருவது என்பதெல்லாம் பார்ப்பவர் இஷ்டம். வீடியோவில் அது என் கையில். பாத்திகளின் பரப்பை, யார் பாத்தி எங்கே முடிகிறது என்பதை, புகைபோக்கி எவ்வளவு கிட்டத்தில் என்பதைப் பார்ப்பவர் தானே தேடிப் பார்க்க வேண்டும். அதில் நான் குறுக்கே நிற்கக் கூடாது. ஆனால் பதினோரு நிமிடம் வாருவது எவ்வளவு நேரம் என்பதை நான் விட்டுக்கொடுக்கக் கூடாது. பார்ப்பவர் இஷ்டத்துக்கு விட்டால் அவர் பத்து நொடியில் நகர்ந்துவிடுவார், அப்புறம் உழைப்பைப் பார்த்தேன் என்பார்.

அதனால் இரண்டு வேலை, இரண்டு விதம். 24 துண்டு ஒட்டிய ஒன்பதடி அச்சு, புகைபோக்கியோடு. அதற்கு எதிர்ச் சுவரில் ப்ரொஜெக்டர் வேண்டாம், ஒரு சின்னத் திரை, ஒரு ஸ்டூல், 11 நிமிடம், சாதாரண வேகம், ஒலியோடு. ஸ்டூல் முக்கியம். நின்றுகொண்டு யாரும் பதினோரு நிமிடம் பார்க்க மாட்டார்கள்.

சோதனைக்காக ஒட்டுப்படத்தை முதலில் மூன்றடிக்கு அச்சடித்து, போன வாரம் உப்பளத்துக்குக் கொண்டுபோனேன். வேலை முடிந்து டீ குடிக்கும் நேரம். குடிசை முன்னால் சாக்கை விரித்து அதன்மேல் வைத்தேன். அக்கா குந்தி உட்கார்ந்து, விரலைப் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வரப்பு வரப்பாகப் போனார். தன் பாத்தியைக் கண்டுபிடித்தார். போன மாதம் எங்கே மடை உடைந்தது என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். டீ ஆறிவிட்டது. அப்புறம் நிமிர்ந்து கேட்டார்:

"எல்லாம் இருக்கு. நாய எங்க தம்பி?"

எப்போதும் அவர் பின்னாலேயே வந்து வரப்பில் நிற்கிற செம்மி நாய். 24 படம் எடுத்து முடிப்பதற்குள் அது ஓடிக்கொண்டே இருந்ததால், ஒட்டும்போது அரை நாய், கால் நாய் என்று வந்தது. சுத்தமாக இருக்கட்டும் என்று அழித்திருந்தேன். நதிக்கரையிலிருந்து நாயை அழித்த குர்ஸ்கியைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு!

வீட்டுக்கு வந்து ரா கோப்புகளைத் திரும்பத் திறந்தேன். மூன்று துண்டுகளில் அது முழுசாக நிற்கிறது. ஒன்றில் கேமராவைப் பார்க்கிறது, ஒன்றில் அக்காவைப் பார்க்கிறது, ஒன்றில் மோந்துகொண்டு நிற்கிறது. எந்த நாயை வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.